மறுப்பு எங்கே நிற்கிறது?

ஊராட்சித் தேர்தல் சமயத்தில் காணைப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு சொல் ஓயாமல் புழங்கும். “அந்த வார்டுல அவரு அன்னப்போஸ்ட்டா வந்துட்டாருப்பா.” மனுவை வாபஸ் வாங்கும் நாள் முடிந்து, களத்தில் ஒரே ஆள் மிஞ்சினால் அவர் அன்னப்போஸ்ட். விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் காணையும் ஒன்று.  இப்படி ஒரே ஆளாக மிஞ்சி வருகிறவரைச் செய்தித்தாள்கள் ‘போட்டியின்றித் தேர்வு’ என்று எழுதும். ஊர் வாய்க்கு அவர் அன்னப்போஸ்ட்தான். ஆங்கிலத்தில் அது ‘அப்போஸ்டு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘அன்’ என்ற மறுப்பைப் பூட்டிய சொல். எதிர்க்கப்படாதவர் என்று பொருள். நம் ஊர்க்காரர் காதில் அந்தப் பூட்டு விழுவதில்லை. அப்போஸ்ட் என்று தனிச்சொல் எதுவும் அவர் பேச்சில் கிடையாது. முழுச்சொல்லும் ஒரே கட்டியாக வந்து இறங்கி, ‘செலவில்லாமல் ஜெயித்தவர்’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்தின் எதிர்மறை முன்னொட்டுகள் நம் பேச்சுக்குள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைந்திருக்கின்றன. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் நோயாளியை டிஸ்சார்ஜ் பண்ணுகிறார்கள். செல்போனும் டிஸ்சார்ஜ் ஆகிறது. முன்னது நல்ல சேதி, பின்னது தொல்லை. இரண்டிலும் ‘டிஸ்’ மறுப்பாக யாருக்கும் கேட்பதில்லை. நெடுஞ்சாலை ஓட்டல் பலகையில் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ என்று இருந்தால் வயிறு முட்டச் சாப்பாடு என்று புரிகிறது, எல்லை இல்லாதது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் கதை இதோடு முடியவில்லை. “அன்டைம்ல போன் பண்ணாதீங்க” என்கிறோமே, அந்த அன்டைம் இன்றைய பொது ஆங்கிலத்தில் புழக்கத்தில் இல்லாத சொல். ‘அன்’னை யாரோ கழற்றியெடுத்து, வீட்டில் கிடந்த ‘டைம்’ முன்னால் மாட்டிப் புதுச்சொல் செய்திருக்கிறார்கள். ஒரு முன்னொட்டு உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆங்கிலம் மறுப்பை முன்னால் வைக்கிறது, தமிழ் பின்னால் வைக்கிறது என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த மறுப்பு என்ன வகை மறுப்பு என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம். ஆங்கிலத்தின் ஓர் ‘அன்’, ஒரு ‘டிஸ்’ பல வகை மறுப்புகளை ஒரே மூட்டையில் கட்டிவைக்கிறது. அதைத் தமிழில் சொல்லப் போகிறவர் மூட்டையை அவிழ்த்தே ஆகவேண்டும். அது அல்லவா, அது இல்லையா, செய்யவில்லையா, செய்ய முடியாதா, செய்யக் கூடாதா, செய்ததை நீக்கிவிட்டார்களா? இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தமிழ் வாக்கியம் நகராது. நிலம், சாதி, உடல், வாக்கு என்று பேசுகிற இடங்களில் அந்தத் தேர்வு மனிதர்களின் வாழ்க்கையைத் தொடுகிறது.

முதலில் தமிழ் பக்கம். எதிர்மறை இடைநிலைகளாக இலக்கண நூல்கள் சொல்பவை ஆ, அல், இல் ஆகிய மூன்று. ‘ஆ’ வினையைச் செய்யாமையைச் சொல்கிறது: உண்ணான், வாரான். அல்ல என்பது ஒரு பொருளின் அடையாளத்தை மறுக்கிறது. இல்லை என்பது அதன் இருப்பை மறுக்கிறது. ‘இது பால் அல்ல’ என்பவர் குவளையில் வேறென்னவோ இருக்கிறது என்கிறார். ‘பால் இல்லை’ என்பவர் குவளையைக் கவிழ்த்துக் காட்டுகிறார். பேச்சில் நாம் இரண்டையும் இல்லை என்றே சொல்லிவிடுகிறோம். பெயர்ச்சொல்லாக்கும்போது மட்டும் வேறுபாடு திரும்ப வந்துவிடும்: தமிழரல்லாதவர், தமிழில்லாதவர். முதல் தொடர் ஆளைப் பற்றியது. இரண்டாவதைச் சொன்னால் அவரிடம் தமிழறிவு இல்லை என்று ஆகிவிடும்.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் சென்னைக்குப் புறப்படும் வண்டியின் கண்ணாடியில் ‘இடைநில்லாப் பேருந்து’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தின் ‘நான்-ஸ்டாப்’தான். இடைநில்லா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒன்பதாம் வகுப்பில் ‘ஓடாக் குதிரை’ என்று உருப்போட்ட இலக்கணக் குறிப்பு கண்முன்னால் டீசல் புகையோடு நிற்கிறது. இந்தப் பெயரெச்சத்துக்கு ஒரு வினோதமான குணம்: காலம் காட்டாது. நின்ற, நிற்கிற, நிற்கும் என்று உடன்பாட்டில் முக்காலமும் உண்டு. மறுத்தால் ‘நில்லாத’ ஒன்றுதான். நேற்று நில்லாத வண்டியும் நாளை நில்லாத வண்டியும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் இந்த எதிர்மறை வினையைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். இந்தக் காலமற்ற தன்மை ஒரு மனை வாங்கும்போது எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

தமிழில் முன்னால் நிற்கும் மறுப்பே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. உலகத்துப் பொருள்களையெல்லாம் இரண்டாகப் பிரித்த நம் இலக்கணம் ஒரு பாதிக்கு உயர்திணை என்றும், மறுபாதிக்கு அஃறிணை என்றும் பெயர் வைத்தது. அஃறிணை, அல்+திணை. ஆங்கிலத்தின் ‘நான்’ முன்னொட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இணை எனக்குத் தெரியவில்லை. வேற்றுமை அல்லாத புணர்ச்சிக்கு ‘அல்வழி’ என்று பேர் வைத்ததும் அதே முறைதான். ஆனால் இந்த வழி இலக்கணக்காரர்களோடு நின்றுபோயிற்று. பொதுப் பேச்சுக்குள் முன்னால் நிற்கும் மறுப்பைக் கொண்டுவந்தவை வடசொற்கள். நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். உயிரெழுத்துக்கு முன்னால் அது ‘அந்’ ஆகும்: ஏகம் ஒன்று, அநேகம் ஒன்றல்லாதது, அதாவது பல. கிரேக்கத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘அ’, ‘அன்’ முன்னொட்டும் இதே விதியில்தான் மாறும். காரணம், சமஸ்கிருதத்தின் அ, கிரேக்கத்தின் அ, லத்தீனின் இன், ஆங்கிலத்தின் அன் நான்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் பிறந்த உடன்பிறப்புகள். ஆக அநியாயம் என்று கத்துகிறவரும் ‘அன்ஃபேர்’ என்று ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறவரும் ஒரே பழைய ஒலியைத்தான் வாயில் வைத்திருக்கிறார்கள்.

கலப்பும் நடந்திருக்கிறது. அவநம்பிக்கை என்பதில் ‘அவ’ வடமொழி, நம்பிக்கை தமிழ். ஆங்கிலத்திலும் ‘அன்ஏபிள்’ அப்படித்தான்: முன்னொட்டு ஆங்கிலம், பின்னால் வருவது பிரெஞ்சு வழியாக வந்தது. அசைவம் இன்னும் சுவையானது. சைவம் அல்லாதது என்று பொருள். ஒரு சமயத்தின் பெயரை மறுத்து ஒரு தட்டுச் சோற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். நான்வெஜ் அதன் நேர்ப் பிரதி. இரண்டிலும் காய்கறிச் சாப்பாடுதான் அளவுகோல், இறைச்சி விதிவிலக்கு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீட்டுப் பாட்டிக்கு இந்த அளவுகோல் எதுவும் வேண்டாம். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவுச்சி ஆக்காதடி” என்பார். கவுச்சியில் மறுப்பு எதுவும் இல்லை; வாசனையின் பெயர் அது. யார் எதை இயல்பென்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை இந்த மூன்று சொற்களும் போட்டு உடைத்துவிடுகின்றன.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எதற்கு ‘அன்’, எதற்கு ‘இன்’, எதற்கு ‘டிஸ்’ என்பது நம் பிள்ளைகளுக்கு நிரந்தரத் தலைவலி. ஆங்கிலத் தேர்வில் சொல்லுக்கு ஏற்ற முன்னொட்டைச் சேர்க்கச் சொல்லும் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். பொதுவான போக்கு ஒன்றை மட்டும் சொல்லலாம். ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களுக்கு ‘அன்’, லத்தீன் வழி வந்தவற்றுக்கு ‘இன்’. இதற்கு விலக்குகள் ஏராளம். ‘இன்’ பிறகு வேடம் மாறும்: ப, ம ஒலிகளுக்கு முன்னால் ‘இம்’, ல-வுக்கு முன்னால் ‘இல்’, ர-வுக்கு முன்னால் ‘இர்’. இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். இதை ஏதோ ஆங்கிலேயர் செய்த சூழ்ச்சி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் செம்மை என்ற சொல்லை எடுத்துக்கொண்டு செங்கல், செஞ்சுடர், செந்நெல், செம்மண் என்று சொல்லிப் பார்த்தால் அதே சூழ்ச்சியை நாமும் பிறந்ததிலிருந்து செய்துவருவது தெரியும். அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மூக்கொலி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். செங்கல்லையும் இம்பாசிபிளையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஆசிரியர் எவரேனும் இருந்தால் அவர் வகுப்பில் பட்டியல் பாதியாகக் குறைந்திருக்கும்.

பிள்ளை ‘அன்பாசிபிள்’ என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். 1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் சில இடங்களில் இருப்பது அந்தச் சொல்தான். 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் பறிக்க முடியாத உரிமைகளைச் சொல்லும் இடத்தில் ‘அன்’ போட்ட வடிவம் அச்சாகியிருக்கிறது. இன்று பலரும் எழுதுவது ‘இன்’ போட்ட வடிவம். வழக்குதான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியிருக்கிறது. பிள்ளையின் தர்க்கத்தில் பிழை இல்லை.

‘அன்’ ஒன்றல்ல, இரண்டு. பெயரடைக்கு முன்னால் வருவது வெறும் மறுப்பு. வினைச்சொல்லுக்கு முன்னால் வருவது செய்ததைத் திருப்புவது: கட்டியதை அவிழ்ப்பது, பூட்டியதைத் திறப்பது. இரண்டும் வேறு வேறு வேர்களிலிருந்து வந்து, ஒலி மட்டும் ஒன்றாகிப்போனவை. அதனால்தான் ‘அன்லாக்கபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள்கள் உண்டு: பூட்டவே முடியாத கதவு, திறக்கக்கூடிய கதவு. தமிழில் இந்தக் குழப்பத்தை உண்டாக்க வேண்டும் என்று பாடுபட்டாலும் முடியாது.

‘இன்’னும் இரண்டுதான். லத்தீனில் ஓர் ‘இன்’ மறுப்பு. இன்னோர் ‘இன்’ உள்ளே என்ற பொருள் தருவது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி வரும் எண்ணெய் லாரிகளின் முதுகில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ‘ஃப்ளேம்’ தெரிந்து, ‘இன்’ என்றால் இல்லை என்று படித்த பையன் இதைத் தீப்பற்றாத சரக்கு என்று எடுத்துக்கொண்டால் அவன்மேல் குற்றம் இல்லை. இங்கே ‘இன்’ உள்ளே எரிவதைக் குறிக்கிறது. எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் 1920-களிலேயே இந்த ஆபத்தை உணர்ந்து, முன்னொட்டை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னார்கள். நம் லாரிகளில் பழைய சொல்லே ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழின் ‘இல்’லுக்கும் இதே இரட்டை வாழ்க்கை. ஒரு ‘இல்’ வீடு, இடம், ஏழாம் வேற்றுமை உருபு. இன்னோர் ‘இல்’ இன்மை. இல்லறத்தில் இருப்பது வீடு, இல்லாமையில் இருப்பது வெறுமை. இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் இல்லறத்தை ‘அறம் இல்லாதது’ என்று பிரிக்காமல் இருக்கத் தெரிந்தவனுக்கு இன்ஃப்ளேமபிள் புரியாமல் போக நியாயம் இல்லை.

இன்னொரு கண்ணியும் நம்மிடமே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது இல்லை, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. தமிழில் மதிப்பற்ற என்றால் குப்பை, விலைமதிப்பற்ற என்றால் வைரம். ஒரு ‘விலை’ சேர்ந்ததும் பொருள் தலைகீழாகிறது. ‘அன்குவாலிஃபைடு’ இன்னும் மோசம்: வேலைக்கு வந்தவரைச் சொன்னால் தகுதியற்றவர், தணிக்கையாளரின் சான்றைச் சொன்னால் குறையேதும் குறிப்பிடாத நல்ல சான்று. ‘டிஸ்குவாலிஃபை’ வேறு வகை. இருந்த தகுதியை எடுத்துவிடுவது. 2017 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் 18 உறுப்பினர்கள் மீது அது பாய்ந்தபோது தமிழ் நாளிதழ்கள் தகுதியின்மை என்று எழுதவில்லை, ‘தகுதி நீக்கம்’ என்று எழுதின. சரியான கை. நீக்கம் என்றதும் நீக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்பது தானாக வந்துவிடுகிறது.

செயலுக்குப் பின்னால் ஆள் தெரிகிறாரா இல்லையா என்பதுதான் இந்தச் சொற்களில் மிகப் பெரிய சங்கதி. காந்தி 1920-இல் தொடங்கியது ‘நான்-கோஆபரேஷன்’, தமிழில் ஒத்துழையாமை. 1930-இல் தொடங்கியது ‘டிஸ்ஒபீடியன்ஸ்’. தமிழில் கீழ்ப்படியாமை என்று போயிருக்கலாம், போகவில்லை. சட்டமறுப்பு என்றார்கள். முன்னதில் விலகி நிற்கிறோம், பின்னதில் முகத்துக்கு நேராக மறுக்கிறோம். ‘ஆமை’ விகுதி விலகலுக்குப் பொருத்தமானது. திருக்குறளில் கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, புறங்கூறாமை என்று அதிகாரத் தலைப்புகள் வரிசையாக அதில் முடிகின்றன. செய்யாமல் இருப்பதே ஓர் அறம் என்று சொல்ல வந்த நூலுக்கு அந்த விகுதி கைகொடுத்தது.

அதே விகுதியில் முடியும் இன்னொரு சொல் தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்ததாக அறிவிக்கும் ‘அன்டச்சபிலிட்டி’க்குத் தமிழ் இதுதான். ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: அன், டச், ஏபிள். முன்னால் மறுப்பு, பின்னால் ‘ஏபிள்’. இந்த அமைப்பு வந்தாலே குணம் பொருளின்மேல் ஏறிவிடும். உடைக்க முடியாதது கல்லின் குணம், படிக்க முடியாதது கையெழுத்தின் குணம். அப்படியே தொட முடியாதது அந்த மனிதரின் குணம் என்று ஆகிவிடுகிறது. தமிழின் தீண்டாமையில் ‘ஏபிள்’ இல்லை. தீண்டாமல் இருப்பவரின் செயல் அது. குற்றம் சொல்லிலேயே உரிய இடத்தில் இருக்கிறது. ஆளைக் குறிக்க வரும்போதுதான் தமிழும் சறுக்கியது: தீண்டத்தகாதவர். ‘தகாத’ என்ற ஒரு துண்டு நுழைந்ததும் பழி எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தின் ‘ஏபிள்’ இடத்தில் தமிழ் முடியாத, கூடாத, தகாத, இயலாத, ஒவ்வாத என்று ஐந்தாறு சொற்களில் ஒன்றைக் கேட்கிறது. முடியாதது உடல் சார்ந்தது, கூடாதது விதி சார்ந்தது, தகாதது மதிப்பு சார்ந்தது. சாதி விஷயத்தில் நடந்ததெல்லாம் கூடாது. அதைத் தகாது என்று பேர் மாற்றி வைத்ததில்தான் இத்தனை நூற்றாண்டு ஓடிற்று.

‘டிஸ்எபிலிட்டி’ என்ற சொல்லின் பயணமும் இங்கேதான் குறுக்கிடுகிறது. இன்று அதைக் கேட்டால் சக்கர நாற்காலி நினைவுக்கு வரும். ஆனால் 1850-இல் வந்த சாதித் தடை நீக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும், 1938-இல் சென்னை மாகாணம் இயற்றிய சமூகத் தடை நீக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. கிணற்றில் இறங்கவும் தெருவில் நடக்கவும் சொத்துரிமை கோரவும் முடியாதபடி பிறர் போட்ட தடைகள்தான் அப்போது ‘டிஸ்எபிலிட்டி’. உடல் எவ்வகையிலும் சம்பந்தப்படவில்லை. 1995-இன் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2016-இன் சட்டமும் அந்தச் சொல்லை உடல், மன நிலைகளுக்கு எடுத்துக்கொண்டன. தமிழில் நீண்ட காலம் ஊனமுற்றோர் என்று எழுதிவந்தோம், மு. கருணாநிதி 2006 முதல் 2011 வரை முதல்வராக இருந்த காலத்தில் அது மாற்றுத்திறனாளிகள் ஆயிற்று. சொல்லில் மறுப்பே இல்லை. திறன் இல்லை என்பதை விட்டுவிட்டு வேறு திறன் உண்டு என்கிறது. இதில் கொஞ்சம் பூச்சு இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டாத அலுவலகம் சொல்லை மட்டும் மாற்றிவிட்டால் போதுமா என்று அவர்கள் கேட்பது நியாயம். 1850-இன் பழைய பொருளில் பார்த்தால் அந்தப் படிக்கட்டுதான் ‘டிஸ்எபிலிட்டி’.

மறுப்பால் பெயரிடப்பட்டவர்கள் உடன்பாட்டுப் பெயரைத் தேடிப் போவது நம் நூற்றாண்டு கால வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1916 டிசம்பரில் பி. தியாகராயர் வெளியிட்ட அறிக்கை ‘நான்-பிராமின் மேனிஃபெஸ்டோ’. பார்ப்பனரல்லாதார் என்ற சொல் அங்கிருந்து அரசியல் மேடைக்கு வந்தது. பெரும்பான்மையினர் தங்களை இன்னொருவர் பெயரை மறுத்து அழைத்துக்கொள்வது இழிவு என்று பெரியார் வாதிட்டார்; 1944 ஆகஸ்டில் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. அதற்கு முன்பே 1922-இல், எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால், பஞ்சமர் முதலான பெயர்களை விலக்கி ஆதிதிராவிடர் என்று எழுதச் சென்னை அரசு ஆணையிட்டிருந்தது.

இந்த வரிசையில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு நெருக்கமானது ‘டிநோட்டிஃபைடு’ என்ற சொல். 1871-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே அரசிதழில் ‘நோட்டிஃபை’ செய்தால், அதில் பிறந்த குழந்தைகூடப் பிறப்பிலேயே குற்றவாளிக் கணக்கில் சேரும். ஆண்கள் இரவில் காவல் நிலையத்துக்கு வந்து கைநாட்டு வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார். நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31-இல்.

‘டி’ என்ற முன்னொட்டு திருப்புவதைக் குறிக்கும். ‘அன்நோட்டிஃபைடு’ என்றால் அறிவிக்கப்படாதவர். அவர் பெயர் பட்டியலில் ஏறியதே இல்லை. ‘டிநோட்டிஃபைடு’ என்றால் ஏற்றிப் பிறகு எடுக்கப்பட்டவர். முதலாமவருக்கு வரலாறு இல்லை, இரண்டாமவருக்கு இருக்கிறது. முன்னொட்டு பழைய காயத்தை மறைக்காமல் சுமந்துகொண்டே வருகிறது. வட இந்தியாவில் இவர்களை விமுக்த ஜாதியினர், விடுபட்டவர்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு சீர்மரபினர் என்று பெயர் வைத்தது. இதில் மறுப்பும் இல்லை, விடுபடலும் இல்லை. முன்பு என்ன நடந்தது என்பதற்குச் சுவடே இல்லை. கண்ணியமான சொல்தான். ஆனால் சான்றிதழ் வாங்கப் போகும் மாணவிக்கு, தன் தாத்தாவின் கைநாட்டு எங்கே போயிற்று என்பதைச் சொல்லும் சொல் ஆங்கிலப் பாதிதான். அந்தப் பாதியிலும் சண்டை எழுந்தது: மாநிலச் சலுகைக்கு டிஎன்சி (டிநோட்டிஃபைடு கம்யூனிட்டி), மத்திய அரசுக்கு டிஎன்டி (டிநோட்டிஃபைடு டிரைப்) என்று 2019-இல் இரண்டு வகைச் சான்றிதழ் முறை வந்தது, ஒரே சான்றிதழ் கேட்டுப் போராட்டங்கள் நடந்தன.

கடைசியாக நிலம். விழுப்புரம்–திண்டிவனம் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாகிவரும் வேகத்தில் ‘அன்அப்ரூவ்டு’ என்ற சொல் தெரியாத விவசாயி கிடையாது. தமிழில் அங்கீகரிக்கப்படாத மனை. இங்கேதான் அந்தக் காலமற்ற பெயரெச்சம் வேலையைக் காட்டுகிறது. இன்னும் விண்ணப்பிக்காத மனையா, விண்ணப்பித்துக் காத்திருக்கும் மனையா, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட மனையா? மூன்றும் அங்கீகரிக்கப்படாத மனைதான். ஆங்கிலத்திலாவது மூன்றாவதற்கு வேறு சொல் எடுக்க வழி உண்டு. நிலத் தரகர் அந்த வழிக்குப் போவதில்லை. “அன்அப்ரூவ்டுதாண்ணே, பின்னாடி பண்ணிக்கலாம்” என்பார். பின்னாடி என்ற ஒரு சொல்லை ஒட்டி, காலமில்லாத மறுப்புக்கு எதிர்காலத்தைத் தானே போட்டுக்கொடுத்துவிடுகிறார். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்ததும் அந்த எதிர்காலம் ஒரே நாளில் நின்றுபோயிற்று. 2017 மே மாதம் அரசு கொண்டுவந்த விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் வழியைத் திறந்தன. பெயரெச்சம் காட்டாத காலத்தை அரசாணை ஒரு தேதியாகப் போட்டுக் காட்டியது.

கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு வகை உண்டு. ஆங்கிலத்தில் ‘அசெஸ்டு’, ‘அன்அசெஸ்டு’. இவற்றுக்கு வெளியே ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், மயானம் என்று ஊர்ப் பொதுவான நிலம் இருக்கிறது. அதற்கும் ஓர் ‘அன்’ போட்டுச் சொல் செய்ய வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் புறம்போக்கு என்ற தமிழ்ச் சொல்லையே ஆங்கில ஆவணங்களில் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போவது. அதில் மறுப்பு கிடையாது. வசவுச் சொல்லாகப் பிறகு ஆனது நம் கைங்கரியம்.

அந்தப் புறம்போக்கையும் ஆட்சேபணைக்குரியது, ஆட்சேபணையற்றது என்று வருவாய்த்துறை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வீடு கட்டி நெடுநாள் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்குப் பட்டா கிடைப்பது இரண்டாவது வகையில்தான். ஆங்கிலத்தில் அது ‘அன்அப்ஜெக்ஷனபிள்’, ஆட்சேபிக்க இடமில்லாதது. தமிழுக்கு வரும்போது ‘ஏபிள்’ உதிர்ந்துவிட்டது. ஆட்சேபணையற்ற என்று மட்டும் நிற்கிறது. ஏரிக்கரையில் குடிசை போட்டவர் மனு எழுதும்போது அந்தச் சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறார்: இருபது வருஷமாக இங்கே இருக்கிறோம், ஊரில் ஒருத்தர்கூட ஆட்சேபிக்கவில்லை, ஆகவே இது ஆட்சேபணையற்ற இடம். தமிழ்ப்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. தாசில்தார் அலுவலகம் பார்ப்பது வேறு: அது நீர்நிலை. யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் ஆட்சேபணைக்குரியதுதான். மனு திரும்பி வருகிறது.